ஒன்றும் ஆகாது என்பதும் ஒரு கை பார்ப்போம் என்பதும்



ஆண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு கேட்டபோது, "அன்றாட வாழ்வில் நம்பிக்கை" என்னும் பொருளை நானே விரும்பிக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அதற்குக் காரணம் உண்டு. இப்பொருளைப் பற்றி ஒரு சிறுமி என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். அன்று என்னிடம் விடை இல்லை. பிறகு கிடைத்த விடையும் நான் நூல்களில் தேடிக் கண்டதன்று; அவளுடைய தாயிடமிருந்து கற்றது. அதை உங்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதே என் ஆசை.

2018ஆம் ஆண்டு. தீபாவளி முடிந்த நவம்பர் மாதம். அந்த ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் உச்ச நீதிமன்றம் பட்டாசு பற்றி ஒரு தீர்ப்பு வழங்கியிருந்தது. பேரியம் உப்புக் கலந்த வெடிகள் கூடாது, சரவெடி கூடாது, புகையும் மாசும் குறைந்த பசுமைப் பட்டாசுகளே விற்கலாம் என்றது. இதையடுத்துச் சிவகாசி வட்டாரத்துப் பட்டாசு ஆலைகள் மூடப்பட்டன. தீபாவளி கழிந்த சில நாள் ஓய்வுக்குப் பின் வழக்கம்போல் திறக்கவேண்டிய கதவுகள் மாதக் கணக்கில் திறக்கவில்லை.

ஒன்றை மறவாமல் சொல்லிவிட வேண்டும். அந்த வழக்கு, 2015இல் தில்லியில் மூன்று பச்சிளங் குழந்தைகளின் பெயரால் அவர்களுடைய தந்தையர் தொடுத்தது. தம் பிள்ளை நல்ல காற்றைச் சுவாசிக்க வேண்டும் என்று நினைத்தது குற்றமாகுமா? ஆனால் இங்கே நம் பிள்ளைகளின் உலை கொதிக்க வேண்டும் என்பதும் நியாயம்தானே! இரு பக்கமும் நியாயம் இருக்கும்போதுதான் துன்பம் கனமாகிறது. கோபித்துக்கொள்வதற்குக்கூட ஆள் கிடைப்பதில்லை.

அப்போது நான் ஏழாம் வகுப்புக்கு வகுப்பாசிரியை. கரும்பலகையின் மூலையில் நாள்தோறும் ஒரு நல்வாக்கு எழுதும் வழக்கம் நம் பள்ளியில் உண்டல்லவா? அன்று "நல்லதையே நினை" என்று எழுதியிருந்தது. முதல் வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்து கேட்டாள்:

"டீச்சர், எங்க அம்மாவுக்கு வேலை போயிருச்சு. இதுல நல்லது எதுன்னு சொல்லுங்க. அதையே நினைக்கிறேன்."

குறும்பாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். வகுப்பில் பாதிப் பேருக்கு அதே நிலைமை. எல்லாக் கண்களும் என் மேல் இருந்தன. நானோ, "எல்லாம் நன்மைக்கே அம்மா, கவலைப்படாதே" என்று சொல்லிவைத்தேன். "சரி டீச்சர்" என்று அவள் உட்கார்ந்துவிட்டாள். பாடம் தொடர்ந்தது. ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பசித்தவளுக்கு வெறும் இலையைப் போட்டது போல் இருந்தது நான் சொன்ன பதில்.

அந்தச் சனிக்கிழமை அவள் வீட்டுக்குச் சென்றேன். விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையே ஒரு சிற்றூர். அப்போதுதான் அவள் தாய் வேலையிலிருந்து திரும்பியிருந்தார். ஆலை மூடிய மறுவாரமே விருதுநகரில் ஒரு வத்தல் குடோனில் மிளகாய்க்குக் காம்பு கிள்ளும் வேலையைத் தேடிக்கொண்டாராம். விரல்கள் சிவந்து தடித்திருந்தன. "கை எரியுது டீச்சர், தேங்காயெண்ணெய் தடவிக்கிடுவேன்" என்றார். எனக்கு வரக்காப்பி வந்தது. பால் வாங்குவதை நிறுத்தி மூன்று வாரம் ஆயிற்று என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

மகளிர் குழுவில் வாங்கிய கடனுக்கு மாதத் தவணை கட்டவேண்டும். கூட்டத்துக்குப் போகாமல் ஒளிந்துகொள்ளவில்லை அவர். முதல் ஆளாகப் போய், "இந்த மாசம் பாதிதான் முடியும்" என்று எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டார். அவர் சொன்ன பிறகுதான் மற்றவர்களும் வாய் திறந்தார்களாம். வீட்டில் எவ்வளவு பணம் இருக்கிறது, எத்தனை நாளைக்கு அரிசி வரும் என்பதெல்லாம் பிள்ளைகளுக்கும் தெரியும். கணக்கு எழுதுவது நம் மாணவிதான். நாற்பது பக்க நோட்டு ஒன்றை என்னிடம் காட்டினாள்.

"உங்களுக்குக் கவலையாக இல்லையா?" என்று கேட்டேன்.

"கவலை இல்லாம இருக்குமா டீச்சர்? அது பாட்டுக்கு ஒரு பக்கம் இருக்கு. அடுப்பு ஒரு பக்கம் எரியணும்ல?"

"எப்படியும் ஆலை திறந்துவிடும். ஒன்றும் ஆகாது" என்று ஆறுதல் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

"அந்த வார்த்தையை மட்டும் சொல்லாதீங்க டீச்சர். பயர் ஆபீசுல 'ஒண்ணும் ஆகாது'ன்னு சொல்றவ பக்கத்துல நான் உக்காரவே மாட்டேன்!"

மாணவியரே, ஒரு நூல் முழுவதும் சொல்லவேண்டியதை அந்த ஒரு வாக்கியத்தில் அவர் சொல்லிவிட்டார் என்றே நான் கருதுகிறேன்.

பட்டாசு ஆலையின் விதிகள் உங்களில் பலருக்கு வீட்டுப் பேச்சிலேயே தெரிந்தவை. ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. நைலான் உடுத்தாமல் பருத்தி உடுத்தவேண்டும். உடம்பில் உள்ள மின்னூட்டம் இறங்குவதற்காகச் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போகவேண்டும். அளவுக்கு மேல் மருந்து வைத்திருக்கக் கூடாது. இவை யாவும் "ஏதும் ஆகலாம்" என்று அஞ்சியவர்கள் வகுத்த விதிகள். அந்த அச்சத்தால்தான் பல்லாயிரம் தாய்மார் மாலையில் வீடு திரும்புகிறார்கள். 2012 செப்டம்பர் 5ஆம் நாள், ஆசிரியர் தினத்தன்று, முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தை நம் மாவட்டம் மறக்குமா? அதற்குப் பிறகும் ஆண்டுதோறும் நாம் இத்தகைய செய்திகளைக் கேட்டு வருகிறோம். "ஒன்றும் ஆகாது" என்ற சொல் நம் மண்ணில் எத்தனை வீடுகளை இருளாக்கியிருக்கிறது!

ஆகவே என் கருத்து இதுதான். "ஒன்றும் ஆகாது" என்பது நம்பிக்கையன்று, கண்மூடித்தனம். "எல்லாம் போயிற்று" என்பதும் கண்மூடித்தனமே. முன்னது ஆபத்தைப் பார்க்க மறுக்கிறது. பின்னது வழியைப் பார்க்க மறுக்கிறது. இருப்பதை இருந்தபடி பார்த்துவிட்டு, "சரி, ஒரு கை பார்ப்போம்" என்று எழுந்திருப்பதே நம்பிக்கை.

இது நம் ஊருக்குப் புதிதன்று. நம்முடையது மழை குறைந்த கரிசல் பூமி. வானம் பொய்த்தால் பருத்தியும் இல்லை, சோளமும் இல்லை. 1922ஆம் ஆண்டில் சிவகாசியிலிருந்து ஐய நாடார், சண்முக நாடார் என்ற இரு இளைஞர்கள் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். "மழை பெய்யும், எல்லாம் சரியாகும்" என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. மழையில்லாத வறண்ட காற்றே குச்சியும் மருந்தும் காய்வதற்கு ஏற்றது என்று ஆயிற்று. குறையாக இருந்ததே முதலாகிவிட்டது! தீப்பெட்டிக்குப் பின் பட்டாசும், லேபிள் அச்சிடப் போய் அச்சுத்தொழிலும் வளர்ந்து, "குட்டி ஜப்பான்" என்ற பெயரும் வந்தது. விருதுநகரோ, அதிகம் விளையாத ஊராக இருந்தும் பருப்புக்கும் வத்தலுக்கும் எண்ணெய்க்கும் விலை சொல்லும் ஊராயிற்று. வீட்டுக்கு வீடு உலையில் இடும் அரிசியில் ஒரு பிடி எடுத்துவைத்துப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். குடும்ப நிலையால் படிப்பைப் பாதியில் விட்ட இவ்வூர்ச் சிறுவன் ஒருவன், பின்னாளில் 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்து, ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியும் மதிய உணவும் கொடுத்த வரலாற்றை நான் சொல்லித்தான் நீங்கள் அறியவேண்டுமா?

ஆனால் பெருமை பேசும்போதும் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது. இதே தொழில்கள் ஒரு காலத்தில் குழந்தைகளின் கைகளையும் கேட்டன. எண்பதுகளில் நானும் பள்ளி விட்டு வந்ததும் மைதாப் பசையைக் குழைத்து வைத்துக்கொண்டு, அம்மாவோடு அமர்ந்து அடிப்பெட்டியும் மேல்பெட்டியும் ஒட்டியவள்தான். என்னோடு படித்த சிலர் விடியுமுன் கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போய், பிறகு பள்ளிக்கு வரவே இல்லை. அவர்கள் என்னைவிடக் கெட்டிக்காரிகள். "இது இப்படித்தான், நம் தலையெழுத்து" என்று எல்லாரும் பொறுத்திருந்தால் நிலைமை மாறியிருக்குமா? 1986இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. சிவகாசிக் குழந்தைகளைப் பற்றிய வழக்கில் 1996 டிசம்பர் 10ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. இதைத் தவறென்று சொல்லத் துணிந்தவர்களும் நம்பிக்கை உடையவர்களே. தவறைத் தவறென்று சொல்வது அவநம்பிக்கை ஆகாது. மாறும் என்று நம்புகிறவன்தான் குறையைச் சொல்வான்.

வள்ளுவப் பெருந்தகை அதிகாரங்களை அடுக்கியிருக்கும் முறையைப் பாருங்கள். ஊக்கமுடைமை அறுபதாம் அதிகாரம், மடியின்மை அடுத்தது, ஆள்வினையுடைமை அதற்கடுத்தது, அதன் பின்னர்தான் இடுக்கண் அழியாமை, அறுபத்து மூன்றாவதாக வருகிறது. துன்பத்தில் கலங்காதே என்று எடுத்த எடுப்பிலேயே அவர் சொல்லவில்லை. ஊக்கம் கொள், சோம்பலை விடு, முயற்சி செய் என்று சொல்லிவிட்டே அங்கு வருகிறார். கை வேலை செய்யத் தொடங்கிய பிறகே மனம் தெளிகிறது என்பது என் அனுபவமும்கூட. வத்தலுக்குக் காம்பு கிள்ளிய அந்தத் தாய் எந்த அதிகாரத்தையும் படித்தவரல்லர். எனினும் அந்த வரிசையிலேயே வாழ்ந்தார்.

இனி உங்கள் அன்றாடத்துக்கு வருவோம். கணக்கில் முப்பது மதிப்பெண் வந்தால், "அடுத்த தடவை வந்துவிடும்" என்று விட்டுவிடாதீர்கள். "எனக்குக் கணக்கே வராது" என்றும் அழாதீர்கள். எந்தக் கணக்கில் எந்த வரியில் தவறினோம் என்று விடைத்தாளை விரித்துப் பாருங்கள். தோழியோடு மனத்தாங்கல் என்றால் நாளைக்குத் தானாகச் சரியாகும் என்று காத்திராமல், இன்றே போய் ஒரு வார்த்தை பேசுங்கள். அழுகை வந்தால் அழுங்கள், தவறில்லை. முகத்தில் சிரிப்பை ஒட்டவைத்துக்கொள்வதைத் தைரியம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். முகம் கழுவிவிட்டு அடுத்த வேலையைத் தொடுங்கள், அது போதும்.

பெற்றோர்களே, வீட்டுக் கஷ்டத்தைப் பிள்ளைகளிடம் முற்றிலும் மறைக்காதீர்கள். மறைத்தாலும் அவர்கள் மோப்பம் பிடித்துவிடுகிறார்கள். இருட்டில் பார்த்தது போல் அது பெரிதாகத் தெரிகிறது. வயதுக்கேற்ற அளவில் சொல்லி, வயதுக்கேற்ற ஒரு பொறுப்பையும் கொடுங்கள். ஆசிரியர்களாகிய நாமோ, ஆறுதல் சொல்லுமுன் அந்தப் பிள்ளை காலையில் சாப்பிட்டதா என்று கேட்டுவிட்டுச் சொல்வோம். என் தவற்றிலிருந்து நான் கற்ற பாடம் இது.

2019 கோடை பிறக்கும் வேளையில் ஆலைகள் மீண்டும் திறந்தன. அந்தத் தாயும் வேலைக்குத் திரும்பினார். துன்பம் அத்தோடு தீர்ந்துவிடவில்லை. அடுத்த ஆண்டே கொரோனா வந்தது. அப்போதும் அந்த நாற்பது பக்க நோட்டுத் தொடர்ந்தது. கணக்கு எழுதிய அச்சிறுமி நம் பள்ளியிலேயே பன்னிரண்டாம் வகுப்பை முடித்துக் கல்லூரியில் வணிகவியல் படிக்கச் சென்றாள். அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான்.

அவளுடைய கேள்விக்கு நான் நேராக விடை சொன்னதே இல்லை. ஆனால் அன்று அவள் வீட்டிலிருந்து திரும்பியதும் ஒரு காரியம் செய்தேன். திங்கட்கிழமை காலை கரும்பலகையின் மூலையில் "நல்லதையே நினை" என்பதை அழித்துவிட்டு, "இன்று என்ன செய்யலாம்?" என்று எழுதினேன். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் அன்று கூடிப் பேசி, மதிய உணவு கொண்டுவர முடியாத தோழியருக்காக ஆளுக்கொரு பிடி சோறு கூடுதலாகக் கொண்டுவருவது என்று முடிவு செய்தார்கள். பிடி அரிசிக் கதையை நான் அவர்களுக்குச் சொன்னது அதற்கு அடுத்த வாரம்தான்!

மாணவியரே, நாளைக் காலை உங்கள் வகுப்புப் பலகையிலும் அதே கேள்வியை எழுதிப் பாருங்கள். விடையை உங்கள் கைகள் கண்டுபிடிக்கும்.