மூன்று வயதில் பென்சில் எதற்கு?

அமராவதி நகர் சைனிக் பள்ளி 1962 முதல் இயங்கி வருகிறது. கட்டுப்பாட்டுக்கும் கடுமையான நுழைவுத் தேர்வுக்கும் பேர்போன அந்தப் பள்ளியும்கூட ஆறாம் வகுப்பில்தான் பிள்ளைகளைச் சேர்க்கத் தொடங்குகிறது. ஆனால் அதைச் சுற்றியுள்ள ஊர்கள் தொடங்கி உடுமலை, தாராபுரம், திருப்பூர்வரை, மூன்று வயதுக் குழந்தை நான்குகோடு நோட்டை நிரப்பாவிட்டால் பின்தங்கிவிடும் என்ற நம்பிக்கை ஆழ வேரூன்றியிருக்கிறது. எழுத வைப்பது நல்ல பள்ளி, விளையாட விடுவது காசு வாங்கி ஏமாற்றும் பள்ளி என்று தீர்ப்பே எழுதிவிட்டார்கள். இந்த நம்பிக்கை தவறானது. அதற்கு அதிக விலை கொடுப்பவர்கள், பனியன் கம்பெனிச் சம்பளத்தில் எல்.கே.ஜி. கட்டணம் கட்டும் பெற்றோரும் அவர்களுடைய குழந்தைகளுமே.

முதலில் கையைப் பார்ப்போம். மணிக்கட்டில் எட்டுச் சிற்றெலும்புகள் உண்டு. மூன்று வயதில் அவற்றில் பல இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கின்றன. அந்தக் கைக்கு வலுவும் பிடியும் களிமண் பிசைவதிலும் மணி கோப்பதிலும் மணல் அள்ளுவதிலும் வருகின்றன. எண்ணும் அப்படித்தான். நூறுவரை ஒப்பிக்கும் குழந்தையிடம் ஏழு புளியங்கொட்டை கேட்டால் கை நிறைய அள்ளித் தரக்கூடும். பல்லாங்குழியில் ஒவ்வொரு குழியாகப் போட்டுப் பழகியவளுக்கு ஏழு என்பது கைக்கே தெரியும். கூட்டாஞ்சோறு ஆக்கும்போது யார் அம்மா, யார் கடைக்காரர் என்று பேசி முடிவுசெய்வதில் மொழியும் பொறுமையும் விட்டுக்கொடுத்தலும் ஒருசேர வளர்கின்றன. விளையாட்டுவழி மழலையர் பள்ளியின் கொள்கைகள் இதிலிருந்தே பிறக்கின்றன: எதை விளையாடுவது என்பதைக் குழந்தை தேர்ந்தெடுக்கும், ஆசிரியர் கவனித்து, தக்க நேரத்தில் ஒரு கேள்வி கேட்பார், பேச்சு தாய்மொழியில் நடக்கும், தவறுக்குத் தண்டனையோ பக்கத்துப் பிள்ளையோடு ஒப்பீடோ இராது.

இதை வெளிநாட்டு மோகம் என்று ஒதுக்கவும் முடியாது. குழந்தைக் கல்வி முன்னோடியான மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். உலகப் போரின்போது, அமராவதிக்குத் தென்கிழக்கே மலைமேலுள்ள கொடைக்கானலில் தங்கிப் பணியைத் தொடர்ந்தார். தமிழக அங்கன்வாடிகளின் முன்பருவக் கல்விக்கான பாடத்திட்டத்தின் பெயரே ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’.

“வசதியானவர்களுக்கு அது சரி, ஏழைப் பிள்ளை சீக்கிரம் படித்தால்தானே முன்னேறும்?” என்பது வலுவான கேள்வி. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1967இல் தொடங்கிய ஓர் ஆய்வு இதையே சோதித்தது. 68 ஏழைக் குழந்தைகளை மூன்று வகை வகுப்புகளில் சேர்த்தார்கள். ஒன்றில் நேரடியாகப் பாடம் புகட்டினார்கள். மற்ற இரண்டிலும் குழந்தைகள் தாங்களே தேர்ந்தெடுத்துச் செயல்பட்டார்கள். பாடம் புகட்டப்பட்டவர்கள் தொடக்கத்தில் பெற்ற சிறு முன்னிலை விரைவில் மறைந்தது. 23 வயதுவரை பின்தொடர்ந்தபோது, அவர்களில் 47 விழுக்காட்டினருக்குப் பள்ளிக் காலத்தில் மனவெழுச்சிச் சிக்கல்களுக்காகத் தனி உதவி தேவைப்பட்டிருந்தது. மற்றவர்களில் அது 6 விழுக்காடு. சிறிய ஆய்வுதான், அதை மட்டும் வைத்து எல்லாவற்றையும் முடிவுசெய்ய முடியாது. ஆனால் ஏழு வயதில் பள்ளி தொடங்கும் பின்லாந்தின் பிள்ளைகளும் வாசிப்பில் பின்தங்கிப் போய்விடவில்லை.

“விளையாட்டை வீட்டிலேயே விளையாடிக்கொள்ளலாமே” என்பார்கள். எந்த வீட்டில்? தாயும் தந்தையும் ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் லைன் வீட்டில் முற்றமும் இல்லை, கூட விளையாட ஆளும் இல்லை. கைப்பேசி மட்டுமே இருக்கிறது. பள்ளியும் விளையாட்டைப் பறித்தால் அந்தக் குழந்தைக்கு அது எங்குமே கிடைக்காது. “ஒன்றாம் வகுப்பில் எழுதத் தெரியாவிட்டால் சேர்க்க மாட்டார்களே” என்ற அச்சம் உண்மையானது. ஆனால் சேர்க்கைக்குத் தேர்வு வைப்பதை 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடைசெய்கிறது. சட்டத்தை மீறும் பள்ளியைத் தட்டிக் கேட்பதை விட்டுவிட்டு, குழந்தையின் விரலை ஒடிப்பது என்ன நியாயம்?

அடுத்த சேர்க்கையின்போது நோட்டைப் புரட்டிப் பார்ப்பதை நிறுத்துவோம். எத்தனை மணி நேரம் குழந்தைகள் வெளியே விளையாடுகிறார்கள், ஓர் ஆசிரியருக்கு எத்தனை பிள்ளைகள், எந்த மொழியில் பேசுகிறார்கள் என்று கேட்போம். பெற்றோர் கேட்பதைத்தான் பள்ளிகள் விற்கின்றன. கேள்வி மாறினால் வகுப்பறையும் மாறும்.