பூட்டிய றோட்டில் யாருக்கு இடம்?

விம்பிள்டன் பக்கம் இருப்பவர்களுக்கு ரைட்லண்டன் சைக்கிள் ஓட்டம் நன்றாக ஞாபகம் இருக்கும். 2013 முதல் 2019 வரை, ஆண்டுக்கொரு கோடை ஞாயிறு, விடியமுன்னமே றோட்டைப் பூட்டிவிடுவார்கள். கிழக்கு லண்டன் ஒலிம்பிக் பூங்காவில் புறப்படும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட சைக்கிள்கள் சறேயின் குன்றுகளை ஏறியிறங்கி, கிங்ஸ்ரன், விம்பிள்டன் வழியாகத் திரும்பி, 100 மைலை அரண்மனைக்கு முன்னால் முடிக்கும். "உவங்கள் விளையாடுறதுக்கு நான் பெற்றோல் செற்றுக்கு நடந்து போறதோ?" என்று எங்கள் தெரு அண்ணை ஒருவர் கொதிப்பார். இரவு வேலைக்காரரின் கேள்வி. சிரித்துவிட்டுப் போக முடியாது.

ஆனால் ஓகஸ்ட்டில் ஈலிங் அம்மன் தேருக்கு வீதியை மறிக்கும்போது வடம் பிடிக்க முதல் ஆளாக நிற்பவரும் அதே அண்ணைதான். கேட்டால், "அது சாமி விசயமெல்லோ" என்பார். எனக்கு வேறொரு வித்தியாசம் தெரிகிறது. தேரன்று மறித்த தெருவில் யாரும் இறங்கலாம். அம்மனைத் தெரியாத வெள்ளைக்காரக் குடும்பமும் தண்ணீர்ப்பந்தலில் வாங்கிக் குடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்கலாம்.

ரைட்லண்டனிலும் அப்படியொரு நாள் இருந்தது. ஓட்டத்துக்கு முதல்நாள் சனிக்கிழமை, நகர நடுவில் கார்களை நிறுத்திவிட்டு, பிள்ளைகுட்டிகளோடு வருகிறவர்களை இலவசமாக ஓட விட்டார்கள். அதற்கு எவரும் கொதித்ததாக நான் கேள்விப்படவில்லை. காலுக்குக் கீழே ரயில் வேறு ஓடும் இடம்; றோட்டைப் பூட்டினாலும் போய்வரலாம்.

சறேக்கு வாய்த்தது ஞாயிறு மட்டும். 2012 ஒலிம்பிக் சைக்கிள் பந்தயத்தில் ஆண்கள் சறேயின் பொக்ஸ் ஹில் குன்றை 9 தடவை சுற்றியதிலிருந்து, வார இறுதி என்றாலே அங்கே சைக்கிள்தான். ஏற்கெனவே சலித்துப் போயிருந்த கிராமங்களில், வெளியே போக இருக்கும் ஒரே றோட்டையும் நாள் முழுக்கப் பூட்டினால்? தேவாலயத்துக்குப் போக முடியாது, முதியோர் இல்லத்தில் இருக்கும் தாயைப் பார்க்க முடியாது, பப்புக்கு ஆள் வராது. சரி, நாமும் ஓடுவோம் என்றால் குலுக்கலில் பெயர் விழ வேண்டும். சொந்த வாசலில் நின்று கைதட்டுவது ஒன்றுதான் மிச்சம். அந்த ஓட்டங்களால் தரும காரியங்களுக்கு 70 மில்லியன் பவுண்ஸுக்கு மேல் சேர்ந்தது. அது சின்னக் காசில்லை. ஆனாலும் 2020இல் சறே கவுன்சில் இனி வேண்டாம் என்றுவிட்டது. 2022இல் ஓட்டம் எசெக்ஸ் பக்கம் போனது.

இப்படி றோட்டைப் பூட்டி நடத்தும் எந்த ஓட்டத்திலும், கடைசிச் சைக்கிள் கடந்ததும் தடுப்புகளைத் தூக்க அவசரப்படாமல், இரண்டு மணித்தியாலம் அந்தந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு றோட்டை விட்டுக்கொடுத்தால் என்ன? காவலுக்கு ஆள், கூடுதல் செலவு, எல்லாம் வரும். நுழைவுக் கட்டணத்தில் இரண்டு பவுண்ஸ் கூட்டி வாங்கட்டும். மூவாயிரம் பவுண்ஸ் சைக்கிளில் வருகிறவர்கள் அதற்கு முகம் சுளிக்க மாட்டார்கள்.