பள்ளிக்கூடம் யாருடையது?

ஆவடி என்ற மாத்திரத்தில், தேச சரித்திரம் அறிந்தவர்களுக்கு 1955-ஆம் வருஷம் ஜனவரி மாதம் ஞாபகத்துக்கு வரும். தேபர் தலைமையில் அங்கே கூடிய காங்கிரஸ் மகாசபையில்தான், சமதர்மப் பாணியில் சமுதாயத்தை அமைப்பதே நமது நோக்கம் என்ற தீர்மானம் நிறைவேறிற்று. உழைப்பவன் வீட்டுப் பிள்ளைக்கும் செல்வன் வீட்டுப் பிள்ளைக்கும் இனி ஒரே வாயில் திறந்திருக்கும் என்றே ஜனங்கள் அத்தீர்மானத்துக்குப் பொருள் கொண்டார்கள். எழுபது வருஷங்கள் சென்றபின், அதே ஆவடியிலும் பக்கத்து அம்பத்தூரிலும் பூந்தமல்லியிலும் ஒரு தகப்பனார் தம் மகளை வைத்தியப் படிப்புக்கு அனுப்ப விரும்பினால், அவள் பன்னிரண்டு வருஷம் படித்த பள்ளிக்கூடத்தின் மதிப்பெண் ஒரு பொருட்டாக எண்ணப்படுவதில்லை. டில்லியிலிருந்து வரும் மூன்று மணி நேரப் பரீட்சை ஒன்றே கேட்கப்படுகிறது. அதற்குத் தயார் செய்யும் கோச்சிங் நிலையத்துக்குக் கட்டணம் செலுத்த வழியுண்டா என்பதே அவர் முதலில் யோசிக்க வேண்டிய காரியமாகிவிட்டது.

இது வைத்தியப் படிப்போடு நிற்கும் விஷயமாக நமக்குத் தோன்றவில்லை. 2017 முதல் நீட் பரீட்சை தமிழ்நாட்டின் மீது முழுமையாகச் சுமத்தப்பட்டது. 2019-இல் கல்வி உரிமைச் சட்டம் திருத்தப்பட்டதைத் தொடர்ந்து, ஐந்தாம் வகுப்புக் குழந்தைக்கும் எட்டாம் வகுப்புக் குழந்தைக்கும் பொதுப் பரீட்சை என்று சென்னையிலேயே உத்தரவு பிறந்தது. பொதுஜன எதிர்ப்பின் காரணமாக 2020 பிப்ரவரியில் அது வாபஸாயிற்று. 2020 ஜூலையில் தேசியக் கல்விக் கொள்கை வெளியாயிற்று. 2022-இல் மத்திய சர்வகலாசாலைகளில் சேர க்யூட் என்ற மற்றொரு நுழைவுப் பரீட்சை வந்தது, அதுவும் என்.சி.இ.ஆர்.டி. பாடத்தையே அடிப்படையாகக் கொண்டது. இவற்றை வரிசையாக வைத்துப் பார்ப்பவருக்கு ஒரே போக்கு புலப்படும். கன்னியாகுமரி முதல் காஷ்மீரம் வரை ஒரே பாடம், ஒரே கேள்வித்தாள், ஒரே தராசு என்பதே அப்போக்கு. இதை நாம் எதிர்க்கிறோம். எதிர்ப்பதற்குரிய காரணங்களை வாசகர்கள் முன் வைப்பது நமது கடமை.

பொதுப் பாடத்திட்டத்துக்கு நியாயமான ஓர் இடம் உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ளுகிறோம். ஆவடியில் விஜயந்தா டாங்கியும் அர்ஜுன் டாங்கியும் செய்து தந்த கனரக வாகனத் தொழிற்சாலை இருக்கிறது. விமானப்படை நிலையமும், மத்திய ரிசர்வ் போலீஸ் முகாமும் இருக்கின்றன. இன்று இங்கே வேலை பார்க்கும் சிப்பாய் அடுத்த வருஷம் ஜபல்பூருக்கோ ஜம்முவுக்கோ மாற்றப்படலாம். அவருடைய பிள்ளைகளின் படிப்பு அறுந்து போகாதிருக்க எங்கும் ஒரே பாடம் வேண்டும். இதற்காகவே 1963 முதல் கேந்திரீய வித்தியாலயங்கள் நடந்து வருகின்றன. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஊர்விட்டு ஊர் மாறும் சிலருடைய சௌகரியத்துக்கென்று ஏற்பட்ட பாடத்தை, ஊரிலேயே பிறந்து ஊரிலேயே படிக்கும் கோடிக்கணக்கான பிள்ளைகளுக்கு அளவுகோலாக்குவது எந்த நியாயத்தில் சேர்ந்தது? தொழிற்சாலை மதிலுக்கு உள்ளே இருக்கும் பள்ளியின் புத்தகத்திலிருந்து கேள்வி எடுத்து, மதிலுக்கு வெளியே இருக்கும் அரசாங்கப் பள்ளியின் மாணவியைப் பார்த்து, ‘உனக்குத் தகுதி போதாது’ என்று சொல்வதற்குப் பரீட்சை என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

சட்டத்தின் வழியே இதைப் பார்ப்போம். 1919-ஆம் வருஷத்துச் சீர்திருத்தத்தில் அந்நிய அரசாங்கமே கல்வியை மாகாண மந்திரிகள் பொறுப்பில் விட்டது. 1935-ஆம் வருஷச் சட்டமும் அதை மாகாணப் பட்டியலில் வைத்தது. சுதந்திர இந்தியாவின் அரசியல் சட்டத்தை வகுத்தவர்கள் அதே ஏற்பாட்டை ஏற்றுக் கல்வியை மாநிலப் பட்டியலில் பதினோராவது இனமாக எழுதினார்கள். உயர்தரக் கல்வி ஸ்தாபனங்களின் தரத்தை ஒருங்கிணைத்து நிர்ணயிக்கும் அதிகாரத்தை மட்டும் மத்தியப் பட்டியலில் அறுபத்தாறாவது இனமாக டில்லியிடம் ஒப்படைத்தார்கள். பின்பு 1976-இல், நெருக்கடி நிலைமை அமலில் இருந்து, தலைவர்கள் பலர் சிறையிலும் பத்திரிகைகள் தணிக்கையிலும் இருந்த நாளில், நாற்பத்திரண்டாவது திருத்தத்தின் மூலம் கல்வி பொதுப் பட்டியலுக்கு மாற்றப்பட்டது. நாற்பத்து நான்காவது திருத்தம் அந்நாளைய அநீதிகள் பலவற்றைத் துடைத்தது. இதை மாத்திரம் விட்டுவிட்டது.

அதன் பலனை நாம் அனுபவிக்கிறோம். 2021-இல் தமிழ்நாடு சட்டசபை நீட் பரீட்சையிலிருந்து விலக்குக் கோரி மசோதா நிறைவேற்றியது. கவர்னர் அதைத் திருப்பி அனுப்பினார். 2022 பிப்ரவரியில் சட்டசபை மீண்டும் நிறைவேற்றியது. ராஷ்டிரபதியின் சம்மதம் மறுக்கப்பட்டது என்ற செய்தி 2025 ஏப்ரலில் வந்தது. ஜனப் பிரதிநிதிகள் இருமுறை நிறைவேற்றிய சட்டத்துக்கு மூன்று வருஷங்களுக்கு மேல் காத்திருந்து கிடைத்த விடை இது. மேலும் ஒன்று கவனிக்கத்தக்கது. அறுபத்தாறாவது இனம் உயர்தரக் கல்விக்கே உரியது. பள்ளிக்கூடத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆயினும் கல்லூரி வாயிலில் நிற்கும் பரீட்சை எதைக் கேட்கிறதோ அதையே பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுக்க வேண்டியதாகிறது. சட்டம் நேர்வழியில் தராத அதிகாரம் இவ்வாறு கொல்லைப்புறமாகக் கைக்கு வந்துவிடுகிறது.

இந்தப் பரீட்சையினால் நேர்ந்தது என்ன? ஓய்வுபெற்ற நீதிபதி ஏ. கே. ராஜன் தலைமையில் 2021-இல் அமைந்த குழு கணக்கெடுத்துச் சொல்லியிருக்கிறது. 2016-17-இல் வைத்தியப் படிப்புக்கு விண்ணப்பித்தவர்களில், முந்திய வருஷங்களில் பள்ளிப் படிப்பை முடித்து மறுமுறை முயன்றவர்கள் நூற்றுக்குச் சுமார் 12 பேர். 2020-21-இல் அவர்கள் நூற்றுக்குச் சுமார் 71 பேர். இதன் பொருள் தெளிவானது. பள்ளியை விட்டு வந்த வருஷமே இடம் பெறுவது அரிதாகி, ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ வேறு வேலையின்றிக் கோச்சிங்குக்குப் பணம் கட்டக்கூடியவர்களே பெரும்பாலும் போட்டியில் நிற்கிறார்கள். 1964-இல் பிறந்த அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் லேத் மிஷினுக்கு முன் நிற்கும் தொழிலாளி, படிப்பு முடிந்த மகளை அவ்வாறு இரண்டு வருஷம் வீட்டில் வைத்துப் பணமும் கட்ட முடியுமா? அரசாங்கப் பள்ளிகளிலிருந்து வைத்தியக் கல்லூரி சேர்ந்தோர் தொகை விரல்விட்டு எண்ணும்படி சுருங்கியதால்தான், 2020-இல் அவர்களுக்கென நூற்றுக்கு ஏழரை இடம் ஒதுக்கிச் சட்டம் செய்ய நேர்ந்தது. அதன் பயனாக முதல் வருஷமே முன்னூறு பேருக்கு மேல் இடம் பெற்றார்கள். அப்பிள்ளைகளுக்கு அறிவு இல்லாதிருந்தது என்று இனி யார் சொல்வார்கள்?

பணத்தைவிடப் பெரிய நஷ்டம் வகுப்பறைக்குள் நேருகிறது. பூந்தமல்லிக்கு அருகில் செம்பரம்பாக்கம் ஏரி இருக்கிறது. சென்னைப் பட்டணத்துக்குக் குடிதண்ணீர் தருவது அது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அதன் மதகுகள் திறக்கப்பட்டதைப் பற்றித் தேசமெங்கும் விவாதம் நடந்தது. மழையளவு, ஏரியின் கொள்ளளவு, கால்வாயின் ஓட்டம், நகரத்தின் ஆக்கிரமிப்பு ஆகிய பௌதிகமும் பூகோளமும் குடிமைப் பயிற்சியும் அந்த ஒரே ஏரியில் அடங்கிக் கிடக்கின்றன. நல்ல உபாத்தியாயர் பிள்ளைகளைக் கரைமேல் அழைத்துச் சென்று ஒரு வாரம் பாடம் நடத்தலாம். ஆனால் டில்லிக் கேள்வித்தாளில் செம்பரம்பாக்கம் வராது. வராததைச் சொல்லிக்கொடுப்பது வீண் என்று பெற்றோரே உபாத்தியாயரைக் கடிந்துகொள்ளும் நிலை ஏற்படுகிறது. அதே பூந்தமல்லியில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான அரசாங்கப் பள்ளி நடக்கிறது. அங்கே எழுத்தே விரலுக்கு ஏற்ற புள்ளியாக மாறுகிறது. பிள்ளைக்குத் தக்கபடி பாடத்தை அமைப்பதே கல்வி என்பதற்கு இதனினும் கண்கூடான சாட்சி வேண்டுமா?

மறுபக்கத்தார் கூறும் வாதங்களைக் கவனிப்போம். பொதுப் பரீட்சை இல்லாவிட்டால் தகுதி அழிந்துவிடும் என்பது முதல் வாதம். 2023-இல் பட்ட மேற்படிப்பு வைத்திய இடங்கள் காலியாக நின்றபோது, தகுதி வரம்பைப் பூஜ்ய பெர்சன்டைலுக்குக் குறைத்துப் பரீட்சை எழுதிய எல்லோரையும் தகுதியுடையவர்களாக அறிவித்தது இதே மத்திய சர்க்கார்தான். 2024-இல் நீட் பரீட்சையில் 67 பேர் முழு மதிப்பெண் பெற்றார்கள் என்று முதலில் அறிவிப்பு வந்தது. 1,563 பேருக்கு அளித்த கருணை மதிப்பெண் பிறகு ரத்தாயிற்று. பாட்னாவிலும் ஹஜாரிபாகிலும் கேள்வித்தாள் வெளியான விவகாரம் சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றது. பரீட்சை முழுவதையும் ரத்துச் செய்ய வேண்டியதில்லை என்று கோர்ட்டு தீர்ப்பளித்தது உண்மையே. என்றாலும் தேசம் முழுமைக்கும் ஒரே பூட்டு என்று வைத்தால், ஒரு கள்ளச் சாவி தேசம் முழுவதையும் கலக்கும் என்பது அன்று விளங்கிவிட்டது. தனியார் கல்லூரிகளின் நன்கொடைக் கொள்ளையை ஒழிக்கவே இப்பரீட்சை என்றார்கள். குறைந்த மதிப்பெண் பெற்றவன் பெருங்கட்டணம் கட்டிச் சேர்வதும், அதிக மதிப்பெண் பெற்ற ஏழை கட்டணம் கட்ட இயலாது திரும்புவதும் இன்றும் நின்றபாடில்லை.

இரண்டாவது வாதம் கொஞ்சம் கூர்மையானது. ‘தமிழ்நாடு தன் எல்லைக்குள் நாலுவிதப் பாடத்திட்டங்களை ஒழித்துச் சமச்சீர்க் கல்வி என்று ஒன்றாக்கவில்லையா? 2011-இல் சுப்ரீம் கோர்ட்டும் அதை நடத்தச் சொல்லவில்லையா? சென்னைக்கு நியாயமானது டில்லிக்கு எப்படி அநியாயமாகும்?’ என்று கேட்கிறார்கள். விடை இதுதான். சமச்சீர்க் கல்வி, ஒரே ஊரில் ஒரே மொழி பேசும் பிள்ளைகளைப் பணத்தின்படி மெட்ரிகுலேஷன் என்றும் ஸ்டேட் போர்டு என்றும் பிரித்த சுவரை இடித்தது. அதில் பிழை இருந்தால், அதைச் செய்த மந்திரியை ஆவடியின் வோட்டரும் அம்பத்தூரின் வோட்டரும் ஐந்து வருஷத்தில் வீட்டுக்கு அனுப்பலாம். டில்லிப் பரீட்சையை நடத்தும் ஏஜென்ஸியை எந்த வோட்டர் எந்தத் தேர்தலில் விசாரிப்பது? அதிகாரம் செலுத்துபவன் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவனாக இருக்க வேண்டும் என்பதற்காகவே நாம் சுயராஜ்யம் கேட்டோம்.

மூன்றாவது வாதம் தேச ஒற்றுமை. தேசபக்தியை நமக்குப் போதிக்க முன்வருவோருக்கு 1920-ஆம் வருஷத்து நாகபுரிக் காங்கிரஸை நினைவூட்டுகிறோம். சர்க்கார் வகுத்த மாகாண எல்லைகளைப் புறக்கணித்து, மொழிவாரியாக மாகாணக் கமிட்டிகளை அங்கேதான் காங்கிரஸ் அமைத்துக்கொண்டது. அவரவர் மொழியில் பேசிய பிறகுதான் சுதந்திர இயக்கம் கிராமங்களுக்குள் புகுந்தது. மாநிலங்களுக்குச் சுதந்திரம் இருந்தால் தேசம் லாபமடையும் என்பதற்கும் நம்மிடம் சான்று இருக்கிறது. 1956-இல் காமராஜ் பள்ளிகளில் மத்தியான உணவு தொடங்கினார், 1982-இல் எம். ஜி. ராமச்சந்திரன் அதைச் சத்துணவாக விரிவாக்கினார். மத்திய சர்க்கார் அதைத் தேசத் திட்டமாக எடுத்துக்கொண்டது 1995-இல். எல்லா மாநிலமும் ஒரே மாதிரி நடக்க வேண்டும் என்ற விதி அன்று இருந்திருந்தால், தமிழ்நாட்டுக் குழந்தை டில்லியின் அனுமதிக்காகப் பசியோடு காத்திருக்கும். மற்ற மாநிலக் குழந்தைகளுக்கும் அந்த வழி தெரியாமல் போயிருக்கும்.

பரீட்சையைக் கொண்டு கல்வியை நடத்தும் யோசனை புதியதும் அன்று. 1862-இல் இங்கிலாந்து, பரீட்சைப் பலனைப் பார்த்துப் பள்ளிகளுக்குப் பணம் கொடுக்கும் முறையை ஏற்படுத்தியது. நமது சென்னை மாகாணத்திலும் அது நுழைந்தது. பாடம் சுருங்கி மனப்பாடம் பெருகிற்று. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் இங்கிலாந்தே அதைக் கைவிட்டது. அமெரிக்கா 2002 முதல் பரீட்சைப் பலனை வைத்துப் பள்ளிகளைத் தண்டிக்கும் சட்டம் ஒன்றை நடத்திப் பார்த்தது. பரீட்சைகளை வைத்துக்கொண்டாலும், பள்ளிகளை என்ன செய்வது என்ற அதிகாரத்தை 2015-இல் பெரும்பாலும் ராஜ்யங்களுக்கே திருப்பித் தந்தது. கனடாவில் மத்தியக் கல்வி இலாகாவே கிடையாது. அதனால் அந்த நாடு உடைந்துவிடவில்லை.

இப்போது வாதம் போய்ப் பணம் வந்துவிட்டது. பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்பதற்காக, 2024-25-க்குரிய சமக்ர சிக்ஷா நிதி ரூ.2,152 கோடி நிறுத்தி வைக்கப்பட்டது. 2025 மே மாதம் மாநிலம் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குத் தொடுக்க நேர்ந்தது. அந்தப் பணம் டில்லியின் தர்மம் அல்ல. அம்பத்தூர்ப் பட்டறைகளும் ஆவடிக் கடைகளும் கட்டிய வரி அதில் இருக்கிறது. கொள்கையில் இணங்காத பெரியவர்களைப் பணிய வைப்பதற்குச் சிறு பிள்ளைகளின் பள்ளிப் பணத்தைப் பிடித்துவைப்பது ஜனநாயக சர்க்காருக்கு அழகாகாது.

இவ்வளவும் சொன்ன பிறகு, நம் வீட்டுக் குப்பையையும் பெருக்கித்தான் ஆக வேண்டும். பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தொடாமல் இரண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தையே உருப்போட வைத்த பள்ளிகள் நம்மிடையே பெருகின. அதைத் தடுக்கப் பதினோராம் வகுப்புக்கும் பொதுப் பரீட்சை வைத்தார்கள். 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அதை எடுத்துவிட்டது. எடுத்தது சரியே. ஆனால் அந்த வருஷத்துப் பாடம் உண்மையில் நடக்கிறதா என்று பார்ப்பார் யார்? டில்லியின் தராசை மறுத்துவிட்டுச் சென்னையில் அதே தராசைத் தொங்கவிட்டால் நமது வாதம் பொய்யாகிவிடும். மாநில சுதந்திரம் கேட்பவர்கள் உபாத்தியாயரின் சுதந்திரத்தையும் மதிக்க வேண்டும்.

ஆகவே நாம் வற்புறுத்துவது இவை. கல்வி மாநிலப் பட்டியலுக்குத் திரும்ப வேண்டும். நம் கல்லூரிகளில் நம் பிள்ளைகளைச் சேர்க்கும் முறையை நம் சட்டசபை தீர்மானிக்க வேண்டும். பள்ளி நிதியைக் கொள்கைப் பேரத்துக்குப் பணயமாக்கும் வழக்கம் ஒழிய வேண்டும்.

இவற்றைப் பெறும்வரை நாம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. 2009-ஆம் வருஷக் கல்வி உரிமைச் சட்டப்படி அரசாங்கப் பள்ளிகளில் பெற்றோரைக் கொண்ட நிர்வாகக் குழுக்கள் இருக்கின்றன. மேடையில் மாநில உரிமை பேசும் நண்பர்களில் எத்தனை பேர் தம் தெருவிலுள்ள பள்ளியின் குழுக் கூட்டத்துக்கு ஒருமுறையேனும் எட்டிப் பார்த்திருக்கிறார்கள்? அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் உள்ள தேசத் தொண்டர்கள் பெற்றோரைத் திரட்டி இந்த மாதமே அங்கே செல்லட்டும். சோதனைச் சாலை திறந்திருக்கிறதா, உபாத்தியாயர் இடங்கள் நிரம்பியிருக்கின்றனவா, பதினோராம் வகுப்புப் பாடம் நடக்கிறதா என்று கேட்கட்டும். பள்ளிக்கூடம் தம்முடையது என்று ஊரார் உணர்ந்து காத்து நின்றால், அதை அவர்களிடமிருந்து பறிக்க எந்த சர்க்காரும் துணியாது.