கல்லுமலையின் கல் என்ன கல்?

ஈப்போவில் தைப்பூசம் என்றால் கல்லுமலைதான். காவடிகள் புந்தோங்கிலிருந்து புறப்பட்டு குனோங் செரோ அடிவாரத்தை வந்தடையும். நம்மவர் வைத்த பெயரிலேயே கல் இருக்கிறது. அது என்ன கல் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்?

தமிழ்ப்பள்ளியில் அதைச் சுண்ணாம்புக்கல் என்றார்கள். இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் அதுவே 'பத்து காப்பூர்' ஆனது. இரண்டுமே பாதிக் கதைதான். கிந்தா பள்ளத்தாக்குக் குன்றுகளில் பெரும்பகுதி பளிங்கு. ஆழமில்லாத கடலில் உயிரினங்களின் எச்சங்கள் படியத் தொடங்கி ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகள் ஆகின்றன. பிறகு, சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, பாறைக்குழம்பு பூமிக்கடியில் மேலெழுந்து கருங்கல்லாக இறுகியது. இன்று கிழக்கே தித்திவாங்சா, மேற்கே கிளேடாங் மலைத்தொடர்களாக நிற்பது அதுதான். அந்த வெப்பத்தில் சுண்ணாம்புக்கல்லின் படிகங்கள் உருகாமலே பெருத்து, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. உடைத்துப் பார்த்தால் சீனி போல மின்னுவது அதனால்தான். கிந்தாவுக்கு ஈயத்தைக் கொடுத்ததும் அதே கருங்கல். ஈயத்தின் கதையை மட்டும் நாம் நன்றாகவே படித்து வைத்திருக்கிறோம்!

இதெல்லாம் தெரிந்து என்ன பயன் என்கிறீர்களா? பளிங்கு மழைநீரில் கரையும். மழைநீரிலுள்ள இலேசான அமிலம் அதற்குப் போதும். விரிசல்களில் இறங்கும் நீர் அவற்றை அகலமாக்குகிறது. அடிவாரத்து நீர் மலையின் காலை அரிக்கிறது. மேலே செங்குத்துச் சுவர், கீழே குடைவு. தாங்க ஆளில்லாத பாறை ஒருநாள் கழன்று விழுகிறது. நாம் படமெடுத்து மகிழும் அந்த வெள்ளை முகம், முன்பு ஏதோ பெயர்ந்து விழுந்த வடுவாகவும் இருக்கலாம்.

குனோங் செரோவில் 1973 அக்டோபர் 18 அன்று அப்படித்தான் விழுந்தது. அடிவார வீடுகளில் இருந்த ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். இதை விதி என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. மலையை ஒட்டி வீடு கட்டுபவர்கள் பெரும்பாலும் வேறிடம் கிடைக்காதவர்கள். வீட்டுக்கும் மலைக்கும் உள்ள இடைவெளியை மலையின் உயரத்தைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். நிலத்தின் விலையைப் பார்த்தல்ல. மலையடிக் கோயில்களுக்கும் இதில் விலக்கு வேண்டாம். கனிம, புவி அறிவியல் துறைக்கு ஈப்போவிலேயே அலுவலகம் இருக்கிறது. நிர்வாகத்தினர் முதலில் ஒரு கடிதம் எழுதி, தலைக்கு மேலிருக்கும் பாறையை நிலவியலாளர் ஒருவரிடம் காட்டட்டும். கோபுரத்துக்குச் சாயம் பூசுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.