இரும்பு எரியுமா?

"ஸார், இரும்பு எரியுமா?" என்று எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் நம்மைக் கேட்டான். வகுப்பு முழுவதும் கொல்லென்று சிரித்தது. உண்மையைச் சொல்வதானால் நாமும் பாதி சிரித்தோம். இரும்புச் சட்டியை அடுப்பில் ஏற்றி ஐம்பது வருஷம் சமைத்த பாட்டிமார்கள் உள்ள ஊர் அல்லவா? சட்டி எரிந்து போயிற்று என்று யாரும் சொல்லக் கேட்டதில்லை. ஆயினும் சிரிப்பு அடங்கியபின் அந்தக் கேள்வி நம்மை உறுத்தியது. பையன் கேட்டது தவறே அல்ல.

மறுநாள் ஓர் ஆணியையும் ஓர் அரத்தையும் வகுப்புக்குக் கொண்டு சென்றோம். ஆணியை இடுக்கியால் பிடித்து ஸ்பிரிட் விளக்கின் சுடரில் காட்டினோம். அது மங்கலாகச் சிவந்தது, அவ்வளவுதான். பிறகு அதே ஆணியை அரத்தால் ராவி, உதிர்ந்த பொடியை ஒரு சிட்டிகை எடுத்துச் சுடரின்மேல் தூவினோம். கம்பி மத்தாப்புக் கொளுத்தினாற்போலப் பொன்னிறப் பொறிகள் சிதறின. சிரித்த பையன்கள் இம்முறை வாய் திறக்கவில்லை.

ஆணியும் இரும்பு, அரப்பொடியும் இரும்பு. வஸ்து மாறவில்லை, அளவுதான் மாறியது. அளவு மாறினால் குணம் ஏன் மாறவேண்டும்?

எரிவது என்பது பிராண வாயுவோடு சேர்வது. பிராண வாயு தொடக்கூடியது உலோகத்தின் புறத்தை மட்டுமே. உள்ளே இருக்கும் அணுக்கள், கோட்டைக்குள் இருக்கும் ஜனங்களைப்போல, வெளியே நடப்பதை அறியா. ஆகவே புறப்பரப்பு எவ்வளவு என்பதே கேள்வி. பக்கத்துக்கு 1 சென்டிமீட்டர் உள்ள ஓர் அலுமினியக் கட்டியை எடுத்துக்கொள்வோம். எடை 2.7 கிராம், ஆறு முகங்களின் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதை 1 மில்லிமீட்டர் கட்டிகளாக அறுத்தால் ஆயிரம் கட்டிகள் கிடைக்கும். பரப்பு 60 சதுர சென்டிமீட்டர் ஆகும். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்காகிய மைக்ரான் அளவுக்குக் கொண்டு போனால் அதே 2.7 கிராம் அலுமினியத்தின் பரப்பு 6 சதுர மீட்டர். இரண்டு மீட்டர் அகலமும் மூன்று மீட்டர் நீளமும் உள்ள ஜமக்காளம் ஒன்றை விரித்தாற்போல! எடை ஒரு குன்றிமணி அளவும் கூடவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. பெரிய ஆணியின் முனையில் உண்டாகும் உஷ்ணத்தை ஆணியின் உடம்பு முழுவதும் பங்கிட்டுக்கொண்டு தணித்துவிடும். சிறு துகளுக்குப் பங்கிட உடம்பு ஏது? உண்டான சூடு அங்கேயே நிற்கும். நின்ற சூடு எரிதலை விரைவாக்கும். விரைவு மேலும் சூட்டை வளர்க்கும். இரும்பு ஆக்ஸலேட் என்னும் உப்பைக் கண்ணாடிக் குழாயில் காய்ச்சினால் மிக நயமான இரும்புப் பொடி மிஞ்சும். அதைச் சூடாகக் காற்றில் கொட்டினால் சுடர் எதுவும் தேவையில்லை; விழும்போதே தானாகத் தீப்பொறியாகிவிடும்.

அளவின் ஆட்சி எரிதலோடு நிற்பதில்லை. இதில் நம்மைவிட வீட்டுப் பெண்மணிகளுக்கே அநுபவம் அதிகம். கல் மாவு விரலிடுக்கிலிருந்து சீராக ஒழுகிக் கோலமாய் விழும்; நயமான அரிசி மாவோ திரண்டு திரண்டு விழும். துகள் சிறுக்கச் சிறுக்க அதன் கனம் குறைகிறது. ஒன்றோடொன்று ஒட்டும் குணமோ அவ்வளவு வேகமாகக் குறைவதில்லை. கனம் தோற்று, ஒட்டல் ஜயிக்கிறது. உலோகப் பொடியும் அப்படியே. பொடியை மெல்லிய படலமாகப் பரப்பி லேஸர் கதிரால் உருக்கி, படலத்தின்மேல் படலமாக இயந்திர உறுப்புகளைக் கட்டும் இக்காலத் தொழிலில், பெரும்பாலும் 15 முதல் 45 மைக்ரான் வரையுள்ள உருண்டைத் துகள்களையே தேர்ந்தெடுக்கிறார்கள். இதைவிட நயமானால் பொடி பரவாமல் திரளும். கரடாயிருந்தால் படலம் தடித்துப்போகும். தலைமயிர் ஒன்றின் கனம் ஏறக்குறைய 70 மைக்ரான் என்று நினைவில் வைத்தால் இந்த நுட்பம் விளங்கும்.

உருக்க முடியாத உலோகத்தையும் பொடி வசப்படுத்தும். டங்ஸ்டன் உருக 3,400 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் வேண்டும். அதைத் தாங்கும் மூசை எங்கே? பொடியை அச்சில் அழுத்தி, உருகு நிலைக்குக் கீழேயே காய்ச்சினால் துகள்கள் தொட்ட இடங்களில் பற்றிக்கொண்டு ஒரே கட்டியாகின்றன. துகள் நயமாயிருந்தால் இப்பிணைப்பு எளிது. 1910ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்காவில் கூலிட்ஜ் என்பவர் இவ்வாறு செய்த டங்ஸ்டனைக் கம்பியாக இழுக்கும் வழியைக் கண்டார். பல தலைமுறைகளுக்கு வீட்டில் குண்டு பல்பு எரிந்தது அந்தக் கம்பியால்தான்.

பொன்னின் கதை இன்னும் வேடிக்கை. 1850களில் லண்டனில் மைக்கேல் பாரடே, கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய பொன் துகள்களை நீரில் மிதக்கவிட்டார். நீர் மஞ்சளாக இல்லை. மாதுளை முத்தைப்போலச் சிவந்தது! நகைக் கடையில் 1,064 டிகிரியில் உருகும் அதே தங்கம், சில நானோமீட்டர் அளவுத் துகளானால் அதற்குப் பல நூறு டிகிரி கீழேயே உருகிவிடும். புறத்தில் உள்ள அணுக்களை ஒருபுறம் தாங்கிப் பிடிக்க அண்டை அயலார் இல்லை. அந்த நுண்ணிய துகளில் அத்தகைய அணுக்களே மிகுதி.

நயமாக்க நயமாக்க நல்லது என்று முடிவு கட்டிவிடலாமா? அதுவும் கூடாது. அலுமினியம் காற்றுப் பட்டவுடன் சில நானோமீட்டர் கனத்தில் ஒரு மேல்தோலைப் போர்த்துக்கொள்ளும். பெரிய துகளில் அது பொருட்டல்ல. 50 நானோமீட்டர் துகளிலோ, தோல் 3 நானோமீட்டர் என்று கொண்டால், கன அளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தோலாகவே போய்விடும். தோல் ஏற்கெனவே எரிந்து முடிந்த சாம்பலுக்குச் சமானம்.

இனி, இவ்விஷயத்தை இந்தப் பத்தியில் எழுத நேர்ந்ததன் காரணத்துக்கு வருகிறோம். 2014 ஆகஸ்டு 2ந் தேதி காலையில், சீனாவில் ஜியாங்ஸு மாகாணத்தைச் சேர்ந்த குன்ஷான் நகரில், மோட்டார் வண்டிச் சக்கரங்களைத் தேய்த்துப் பளபளப்பாக்கும் தொழிற்சாலை ஒன்று வெடித்தது. அங்கே வெடிமருந்து எதுவும் இல்லை. சக்கரங்களிலிருந்து உதிர்ந்த அலுமினியத் தூசியே வெடித்தது. மாண்டவர்கள் 146 பேர். அடுக்களையில் பாத்திரமாக இருக்கும் அந்தச் சாது உலோகம்! தூசி உத்திரத்திலும் தரையிலும் மில்லிமீட்டருக்கும் குறைந்த கனத்தில் படிந்திருந்தால் போதும். முதலில் நேரும் ஒரு சிறு வெடிப்பு அதைக் கிளப்பி அறை முழுவதும் நிரப்பிவிடும். அப்புறம் அறையே வெடி. தண்ணீர் ஊற்றவும் கூடாது. எரியும் அலுமினியம் நீரைப் பிரித்து, எரியக்கூடிய ஹைட்ரஜனை வெளிவிடும். உலர்ந்த மணலே அதற்கு ஏற்றது.

இவ்வளவும் நமக்கு முன்பே தெரியும். ஆனால் அன்று வகுப்பில் சொல்லவில்லை. பொறிகள் சிதறிய அழகில் மணி அடித்துவிட்டது.

அந்த வருஷம் தீபாவளிக்கு நான்கு நாள் கழித்து ஓர் அம்மாள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். கேள்வி கேட்ட பையனின் தாயார். வெடிக்காத பட்டாசுகளின் மருந்தைச் சேர்த்து, அதை நயமாக்கப் பார்த்தானாம். கண் தப்பியது, வலது கை தப்பவில்லை.

"ஐயா, பொடி நயமானால் நன்றாய் எரியும் என்று நீங்கள்தான் சொன்னீர்கள் என்கிறான். மெய்தானா?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நமக்குச் சுலபமாயிருக்கும்.

"மெய்தான், அம்மா. பாதியைத்தான் சொன்னேன்" என்றோம்.

பட்டாசு மருந்தில் உலோகப் பொடியோடு அதை எரிக்க வேண்டிய பிராண வாயுவும் உப்பு வடிவில் கலந்தே இருக்கிறது. அது காற்றுக்குக் காத்திராது. உராய்வு ஒன்றே போதும். இவ்விரண்டு வாக்கியங்களைச் சொல்ல அரை நிமிஷம் ஆகியிருக்காது.

இப்போதும் ஆண்டுதோறும் அந்த ஆணியையும் அரத்தையும் எடுத்துச் செல்கிறோம். பொறி காட்டுவதற்கு முன்னால் குன்ஷானைச் சொல்கிறோம், மருந்தைச் சொல்கிறோம், நேரம் மீந்தால்தான் விளக்கை ஏற்றுகிறோம். மேஜை அருகே உலர்ந்த மணல் வாளி ஒன்று இருக்கும். அந்தப் பையன் இப்போது பத்தாம் வகுப்பு. வாளியைக் கொண்டுவந்து வைக்கும் வேலையைத் தானாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறான். வலது கையில் இரண்டு விரல்கள் இன்னும் முழுவதும் மடங்குவதில்லை. இடது கையால் தூக்கி வருகிறான்.