ஓவியத்தில் நிற்கும் பாலம்

சைதாப்பேட்டையில் அடையாற்றைக் கடக்கும் மறைமலையடிகள் பாலத்திற்கு ஒரு முன்னோர் உண்டு. 1726இல் எழுந்து, 1966இல் புதிய பாலத்திற்கு இடம்விட்டது அது. மாம்பலம் என்னும் ஊர்ப்பெயர் ஆங்கிலேயர் நாவில் திரிந்து, 'மர்மலாங் பாலம்' என வழங்கிற்று.

இங்கிலாந்து ஓவியர் தாமஸ் டேனியல் (1749–1840) தம் உடன்பிறந்தார் மகன் வில்லியமுடன் 1792இல் தென்னாடு வந்தார். தாயகம் திரும்பியபின் 1795 முதல் 1808 வரை இருவரும் வெளியிட்ட 144 செப்புத்தகட்டு அச்சுப்படங்களுள் இப்பாலமும் ஒன்று. நீண்ட வளைவுகளும் அகன்ற ஆறுமாய் அப்படம் கண்ணைக் கவர்கிறது.

எனினும், ஓர் ஐயம் எழுகிறது. சுவிட்சர்லாந்தின் ஆல்ப்சு மலையைத் தீட்டிப் புகழ்பெற்ற அலெக்சாந்தர் கலாம் (1810–1864) அம்மண்ணின் மைந்தர். நம் ஆற்றைத் தீட்டியவரோ வழிப்போக்கர். திப்பு சுல்தானுடன் கும்பினியார் நடத்திய மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்த ஆண்டு 1792. அப்போரின் சுவடு எதுவும் படத்தில் இல்லை. தொல்காப்பிய நெறியில் கூறின், நிலமாகிய முதற்பொருள் உண்டு, கருப்பொருளும் உண்டு, வாழ்வாகிய உரிப்பொருள் இல்லை.

அந்த உரிப்பொருளை வரலாற்றில்தான் தேட வேண்டும். பாலத்தைக் கட்டுவித்தவர் அரசர் அல்லர். கோஜா பெத்ருஸ் உஸ்கான் என்னும் அர்மீனிய வணிகர். தம் பொருளைச் செலவிட்டதோடு, பராமரிப்புக்கும் நிதி ஒதுக்கினார். அவர் நாட்டிய கல்லில் பாரசீகம், அர்மீனியம், இலத்தீன் ஆகிய மும்மொழிகள் பொறிக்கப்பட்டன. பிறந்த மண்ணைவிட்டு வந்த கிறித்தவர் ஒருவர், எல்லாச் சமயத்தாரும் நடக்கப் பாலம் சமைத்தார். இதனை இஸ்லாமிய மரபு 'ஸதக்கத்துல் ஜாரியா' என்னும். செய்தவர் மறைந்தபின்னும் ஓடிக்கொண்டிருக்கும் அறம் அது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் அதே ஆற்றங்கரையில் வீடிழந்தோர் பலர். ஆறு அகன்று ஓடிய நிலத்தை நாம் குறுக்கியதும் அத்துயர்க்கு ஒரு காரணமன்றோ? டேனியலின் ஓவியம் அதற்குச் சான்றாக நிற்கிறது. பழைய ஓவியங்களை அழகுக்காக மட்டும் பார்த்தல் போதாது. இழந்ததைக் கணக்கிடவும் அவற்றைப் பயிலவேண்டும்.

மாணவச் செல்வங்களே! அப்படத்தின் படியொன்றை நம் துறைச் சுவரில் மாட்டுவோம். பின்னர் அடையாற்றங்கரைக்குச் சென்று, அங்கு வாழ்வோரிடம் கேட்டு எழுதுங்கள். ஓவியர் விட்டுச்சென்ற உரிப்பொருளை நிறைவு செய்வது தமிழ் கற்ற நம் கடமையாகும்.