663 நாள் கழித்து வந்த அரசு

2020 அக்டோபரில், மத்தியப் பிரதேச அரசு 663 நாள் தாமதத்துடன் ஒரு மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தது. ஆவணங்களைத் திரட்டக் காலமாகிவிட்டது என்பது அதன் விளக்கம். நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல் தலைமையிலான அமர்வு மனுவைத் தள்ளுபடி செய்து, 25,000 ரூபாய் செலவுத்தொகையும் விதித்தது. தாமதத்துக்குக் காரணமான அதிகாரிகளிடமே அதை வசூலிக்கச் சொன்னது. இத்தகைய மனுக்களை ‘சான்றிதழ் வழக்குகள்’ என்றது அமர்வு. உச்ச நீதிமன்றமே மறுத்துவிட்டது என்று எழுதிக் கோப்பை மூடுவதற்காகவே அவை தாக்கலாகின்றன.

அதிகாரிகளின் அச்சம் புரியாததல்ல. மேல்முறையீடு செய்யாமல் விட்டால் தணிக்கையில் கேள்வி வரும். செய்து தோற்றால் யாரும் கேட்பதில்லை. ஆனால், அந்தப் பாதுகாப்புக்கான விலையைக் கொடுப்பவர் எதிர்த்தரப்பில் நிற்கும் குடிமகன். ஓய்வூதியம் கேட்டு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டு வென்றவரை நினைத்துப் பாருங்கள். தனி நீதிபதியின் தீர்ப்பை எதிர்த்து டிவிஷன் பெஞ்சுக்குப் போக அரசுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. அதில் எதுவும் நடக்காது. அவர் பொறுமையிழந்து அவமதிப்பு வழக்கு தொடுத்த பிறகே ரிட் அப்பீலும், தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவும், தடையாணை மனுவும் சேர்ந்து வருகின்றன. எழுபது வயதைத் தாண்டியவருக்கு அந்தத் தடையாணையே இறுதித் தீர்ப்பாகிவிடக்கூடும்.

இதற்காக மேல்முறையீட்டுப் படிகளையே குறைத்துவிடலாம் என்பவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. அந்தச் சோதனையை நாடு செய்து பார்த்துவிட்டது. 1985ஆம் ஆண்டின் நிர்வாகத் தீர்ப்பாயச் சட்டம், அரசு ஊழியர் வழக்குகளை உயர் நீதிமன்றங்களிடமிருந்து எடுத்துத் தீர்ப்பாயங்களிடம் கொடுத்தது; அதற்கு மேல் உச்ச நீதிமன்றம் மட்டுமே. 1986இல் சம்பத் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. பத்தே ஆண்டில், சந்திர குமார் வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தியது: உயர் நீதிமன்றத்தின் மறுஆய்வு அதிகாரம் அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பில் ஒரு பகுதி, தீர்ப்பாயத்தின் முடிவை டிவிஷன் பெஞ்ச் ஆராயலாம். ஊழியருக்கு அருகிலேயே ஒரு கதவு திறந்தது. ஒவ்வொருவரும் டெல்லிக்குப் போய் வழக்காட முடியுமா?

மேல்முறையீட்டு அமர்வு கறாராக இருக்க வேண்டிய இடம் வேறு. 1977இல் மொஹிந்தர் சிங் கில் வழக்கில் நீதிபதி கிருஷ்ண ஐயர் எழுதிய தீர்ப்பின்படி, ஓர் உத்தரவின் செல்லுபடி அதில் சொல்லப்பட்ட காரணங்களைக் கொண்டே முடிவாக வேண்டும். பின்னால் பிரமாணப் பத்திரத்தில் புதுக் காரணம் சேர்க்கக் கூடாது. இன்றும் துறைகள் அதைத்தான் அப்பீலில் செய்யப் பார்க்கின்றன. இரண்டே வரியில் மனுவை நிராகரித்த அதிகாரிக்காக அரசு வழக்கறிஞர் நாற்பது பக்கம் எழுதுகிறார். அமர்வு அதைக் காது கொடுத்துக் கேட்கும்போது, அடுத்த நிராகரிப்பும் இரண்டு வரியில்தான் வரும்.

எனவே, தாமத மன்னிப்பு மனுவை அனுமதிக்கும் முன், கோப்பு எந்த மேசையில் எத்தனை நாள் கிடந்தது என்று அமர்வு கேட்க வேண்டும். தடையாணை தருவதானால், சர்ச்சையில்லாத நிலுவைத் தொகையை முதலில் கொடுக்கச் சொல்ல வேண்டும். செலவுத்தொகையை அரசுக் கருவூலத்திலிருந்து அல்ல, 2020இல் செய்ததைப் போல, தாமதப்படுத்திய அதிகாரியிடமிருந்தே பெற வேண்டும்.